இளநீர் விற்காத இளநீர்க் கடை

என் அக்கா மரகதத்தைக் கட்டியவர் பெயர் ஜெகநாதன். போர்ட் பிளேயரிலிருந்து பெரார்கஞ்ச் போகிற ரோட்டில், சௌல்தாரிக்குப் பிரியும் முக்கில், பன்னிரண்டடி உயரத்துக்கு ஒரு பச்சை இளநீர்க்காயைச் சிமெண்டில் கட்டி, அதற்குள் டீக்கடை வைத்தவர் அவர்தான். இன்றைக்கும் போர்ட் பிளேயரில் சில பேர் என்னைப் பார்த்தால், "பெரிய கலைஞர், டீச்சர், உங்க அத்தான்" என்று குரலைத் தழைத்துச் சொல்கிறார்கள். அந்தக் காய்க்குள்ளே பத்து நிமிஷம் நின்று பார்த்தவர் எவரும் அப்படிச் சொல்ல மாட்டார். நான் நின்றிருக்கிறேன்.

பரமக்குடிப் பக்கத்து ஆள். ஐம்பத்து மூன்றில் ஒரு காண்ட்ராக்டரிடம் மேஸ்திரியாகக் கப்பலேறி வந்தார். ரோட்டுக்குக் குறுக்கே தண்ணீர் போகக் கல்வெர்ட் கட்டுகிற வேலை. கட்டினவர்கள் ராஞ்சிக்காரர்களும் தெலுங்குக்காரர்களும். அத்தான் பக்கத்தில் நின்றார். வேலை செய்கிறவனைப் பார்த்துக்கொண்டு நிற்பதற்கென்றே தன்னைக் கடவுள் படைத்தார் என்று அவருக்கு ஓர் அசைக்க முடியாத நம்பிக்கை. எந்த ஆபீசரோ விட்டுப் போன ஒரு தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, வெள்ளைச் சட்டையில் ஒரு துளி சேறு படாமல் மூன்று வருஷம் நின்றார். அந்தமான் மழையில் அதுவும் ஒரு திறமைதான்.

ஐம்பத்தாறில் ஊருக்கு வந்து அக்காவைப் பெண் கேட்டார். "அங்க ரோட்டுல தேங்காய் உருண்டு கிடக்கும், எடுக்க ஆள் கிடையாது" என்று எங்கள் அப்பாவிடம் சொன்னார். அப்பா நம்பினார். எங்கள் வீட்டில் எல்லோருமே எதையும் நம்புகிறவர்கள். அக்கா நாலு நாள் கப்பலில் வாந்தி எடுத்து வந்து இறங்கினாள். அப்பா தவறிப்போன பிறகு, ஐம்பத்தொன்பதில், டீச்சர் டிரெயினிங் முடித்த கையோடு நானும் வந்து சேர்ந்தேன். சௌல்தாரி பிரைமரி ஸ்கூலில் வேலை. அக்கா வீட்டில்தான் இருந்தேன். அதனால் அந்தக் கடையைப் பற்றி நான் சொல்கிறதெல்லாம் கண்ணால் பார்த்தது, கேள்விப்பட்டதல்ல.

நான் வந்தபோது காண்ட்ராக்டர் மெயின்லேண்டுக்கே போய்விட்டிருந்தார். அத்தானுக்கு வேலை இல்லை. முக்கில் நாலு மூங்கிலை நட்டு, மேலே ஓலை போட்டு, அக்கா ஒரு டீக்கடை வைத்திருந்தாள். முன்னால் படாக் மரப் பலகையில் இரண்டு பெஞ்சு. காலையில் பஸ் நிற்கும். காட்டு வேலைக்குப் போகிறவர்கள், வங்காளிக் குடியேற்றக்காரர்கள், கீரை மூட்டையோடு போகிற பெண்கள், எல்லோரும் இறங்கி ஒரு டீ குடிப்பார்கள். அக்கா கையால் போட்ட பருப்பு வடைக்கு டிரைவர் ஹார்ன் அடிக்காமல் காத்திருப்பான். பெஞ்சில் அத்தான் உட்கார்ந்து வருகிறவர்களுக்கெல்லாம் தீவை எப்படி முன்னேற்றுவது என்று ஹிந்தியிலும் தமிழிலும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருப்பார். வடை நன்றாக இருந்ததால் அதையும் சகித்துக்கொண்டார்கள்.

அறுபத்திரண்டு கடைசியில் டெல்லியிலிருந்து யாரோ பெரிய மனிதர்கள் குடியேற்றங்களைப் பார்க்க வருகிறார்கள் என்று பேச்சு. மூன்று ஜீப் அந்த வழியாகப் போகும் என்றார்கள். அத்தான் குளித்து, தொப்பியைத் துடைத்து, ரோட்டோரத்தில் சலாம் வைக்கத் தயாராக நின்றார். ஜீப் வந்தது. நிற்கவில்லை. மூன்றாவது ஜீப்பின் சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறியதில் செம்மண் சேறு அவர் தோளிலிருந்து முழங்கால் வரைக்கும் அடித்துவிட்டுப் போனது. பெஞ்சில் இருந்த ராஞ்சிக்காரன் ஒருவன் சிரித்துவிட்டான்.

அத்தான் சட்டையைக்கூடக் கழற்றாமல் அக்காவிடம் வந்து சொன்னார்: "அடுத்த தடவை நிக்க வைக்கிறேன் பாரு. அவனுகளா பிரேக்கைப் போட்டு இறங்கணும்."

"என்ன செய்வீக?" என்றாள் அக்கா.

"ஓலைக் குடிசையைப் பாத்து எவன் நிப்பான்? கண்ணை இழுக்கணும்டி. பாக்கிறவன் வாயைப் பொளக்கணும்."

இப்படித்தான் அந்தக் காய் பிறந்தது. அதில் கலையும் இல்லை, தேங்காய் மேல் பாசமும் இல்லை. ஒரு ஜீப் நிற்காத ஆத்திரம், அவ்வளவுதான்.

நன்றாக நடந்துகொண்டிருந்த கடையை மூடச் சொன்னார். ஓலையைப் பிரித்தார்கள். மூங்கிலையும் பிரம்பையும் வளைத்துக் கூடு கட்டி, அதன்மேல் கோழிவலைக் கம்பியைச் சுற்றி, சிமெண்ட் பூசினார்கள். அந்தக் காலத்தில் சிமெண்ட் கப்பலில் வர வேண்டும், பர்மிட் வேண்டும். அத்தானுக்கு எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. அந்த வருஷம் பக்கத்தில் புதிதாகக் கட்டிய கல்வெர்ட்டு ஒன்று அடுத்த மழையிலேயே வாயைப் பிளந்தபோது எனக்குத் தானாகவே புரிந்தது. மேலே காம்பு மாதிரி ஒரு மரத்துண்டு. படகுக்கு அடிக்கிற பச்சைப் பெயிண்ட். முன்பக்கம் டீ கொடுக்க ஒரு சதுர ஓட்டை. பின்பக்கம் மூன்றரை அடியில் ஒரு கதவு. அக்கா குனிந்துதான் உள்ளே போக வேண்டும், குனிந்துதான் வர வேண்டும்.

பூச்சு வேலை முடிகிற சமயத்தில் அக்கா உள்ளே போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தலையை வெளியே நீட்டிக் கேட்டாள்: "ஏங்க, புகை எப்பிடிப் போகும்?"

"அந்த ஜன்னல் வழியாப் போகும்."

"அது டீ குடுக்கிற ஜன்னல். விறகு அடுப்புல்ல? மேல ஒரு கூண்டு வையுங்க."

அத்தான் நாலடி பின்னால் போய், தலையைச் சாய்த்து, காயை ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். ரவிவர்மா தோற்றார், அப்படி ஒரு பார்வை.

"இளநீல எங்கயாவது புகைக்கூண்டு பாத்திருக்கியா?" என்றார். "உருவம் கெட்டுப் போகும்."

அக்கா தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். நானும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த வீட்டுச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் நான்.

அறுபத்து மூன்று ஜனவரியில் கடை திறந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும், ஜீப்புகள் நின்றன. முதல் வாரமே ஓர் ஆபீசரும் அவர் மனைவியும் இறங்கினார்கள். அந்த அம்மாள் கைதட்டிச் சிரித்தாள். அத்தானைத் தொப்பியோடு காய்க்குப் பக்கத்தில் நிறுத்தி ஒரு போட்டோ எடுத்தாள். அப்புறம் ஆசையாகக் கேட்டாள்: "நாரியல் பானி ஹை?"

இளநீர் இருக்கா என்று கேட்டாள். ஞாயமான கேள்வி. இளநீர் வடிவத்தில் கடை வைத்திருக்கிறவனிடம் வேறு எதைக் கேட்பார்கள்? ஆனால் மரமேற ஆள் பிடிக்க வேண்டும், தினமும் வெட்டிக் கொண்டுவர வேண்டும், அதெல்லாம் வேலை. அத்தான் நெஞ்சில் கை வைத்துக் குனிந்து, "கல் ஆயேகா, மேம்சாப்" என்றார். நாளைக்கு வரும். அடுத்த ஒன்பது வருஷத்துக்கும் அந்தக் கடையில் இளநீர் நாளைக்கே வந்துகொண்டிருந்தது. வந்தவர்களுக்குக் கலர்ப் பொடி கரைத்த ஆரஞ்சுத் தண்ணீரும், கப்பலில் வந்து காய்ந்த பன்னும், டீயும் கொடுத்தோம். சுற்றிலும் தென்னந்தோப்பு. தலைக்கு மேலே குலை குலையாகத் தொங்கும். அதன் கீழே நின்று ஆரஞ்சுப் பொடித் தண்ணீர் குடித்துவிட்டு, "பஹுத் படியா" என்று பாராட்டிவிட்டுப் போன ஆபீசர்களை நான் எண்ணிப் பார்த்ததில்லை. எண்ணினால் வயிறு எரியும்.

வடையும் நின்றுபோனது. அந்தக் காய்க்குள் எண்ணெய்ச் சட்டியை வைத்தால் மனிதர் நிற்க முடியாது.

அந்த அம்மாள் எடுத்த போட்டோ மெயின்லேண்டில் ஒரு இங்கிலீஷ் பத்திரிகையில் வந்துவிட்டது. தீவுகளில் ஒரு விநோதக் கடை என்று ஒரே ஒரு வரி. அத்தான் பெயர்கூட இல்லை. அவர் அதைக் கண்ணாடி போட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் போர்ட் பிளேயரிலிருந்து லாரி பிடித்து ஆட்கள் காயைப் பார்க்க வந்தார்கள். பார்த்தார்கள், படம் எடுத்தார்கள், கடலைத் தோலைப் போட்டுவிட்டுப் போனார்கள். காலையில் வருகிற பஸ்ஸில் காட்டு வேலைக்காரர்கள் மட்டும் வடை இல்லாத ஜன்னலைப் பார்த்துவிட்டு மறுபடி ஏறி உட்கார்ந்துகொண்டார்கள்.

ஒருவன் பைத்தியமானால் பரவாயில்லை. ரோடே பைத்தியமானது. கீழக்கரை அலி அக்பர் பாய் பெரார்கஞ்சில் மளிகைக் கடை வைத்திருந்தார். அவர் தன் கடைக்கு முன்னால் ஒரு பெரிய கெண்டியைக் கட்டினார். நல்ல புத்திசாலி. அடுப்புப் புகையைக் கெண்டி மூக்கு வழியாக வெளியே விட்டார். தூரத்திலிருந்து பார்த்தால் கெண்டியில் தண்ணீர் கொதிக்கிற மாதிரி இருக்கும். ஜனங்கள் அங்கே ஓடினார்கள். உள்ளே டீ போடுகிறவனுக்கும் கண் எரியவில்லை.

நான் ஸ்கூல் வேலையாக பெரார்கஞ்ச் போய் அதைப் பார்த்துவிட்டு வந்து அத்தானிடம் சொன்னேன். "நீங்களும் காம்பு பக்கத்துல ஒரு குழாய் வைக்கலாமே. பாய் வச்சிருக்காக, எவ்வளவு நல்லா இருக்கு."

அவர் முகம் கறுத்துப் போனது. "கெண்டி புகை விட்டா அது கெண்டி. இளநீ புகை விட்டா எரிஞ்ச கொட்டை. உனக்கு இதெல்லாம் புரியாது நீலா. ரெண்டாம் வாய்ப்பாட்டைச் சொல்லிக்குடு, போ."

பாயின் கெண்டியைப் பார்த்தவர்கள் அத்தானிடம் வந்து தங்களுக்கும் கட்டித் தரச் சொன்னார்கள். இப்போது அவருக்கு வேலை கிடைத்தது. பக்கத்தில் நிற்கிற வேலை. ஒரு வங்காளிக்கு வாயைத் திறந்த மீன். ஒரு தெலுங்குக்காரருக்கு அன்னாசிப்பழம். கொல்லத்துக்காரர் ஒருவருக்கு முதலை. அதன் வாய்க்குள் டீ கிளாஸ் வைப்பார்கள். அறுபத்தாறுக்குள் இருபத்தைந்து மைலில் இப்படிப் பதினோரு அசிங்கங்கள். எல்லாவற்றிலும் ஒரே ஆரஞ்சுத் தண்ணீர். அந்தமான் மழை எட்டு மாசம் அடிக்கும். முதல் மழையில் பெயிண்ட் கொப்புளிக்கும், இரண்டாவதில் பாசி பிடிக்கும். அன்னாசி அழுகிய பலாப்பழமாகும். முதலைக்குச் சொறி வரும். எங்கள் இளநீர் மேல் ஒரு கறுப்புத் தேமல் படர்ந்து, வண்டு குடைந்து விழுந்த குரும்பை மாதிரி ஆகும். ஜனவரியில் மறுபடி பெயிண்ட் அடித்து, அதை அலங்காரம் என்பார்கள்.

நான் யோக்கியமா என்றால் அதுவும் இல்லை. அறுபத்தாறில் குடியரசு தினக் கண்காட்சியில் ரோட்டை அழகுபடுத்தியவர்களுக்குப் பரிசு கொடுப்பதாக அறிவித்தார்கள். அத்தானுக்கு இங்கிலீஷ் வராது. மனுவை நான்தான் எழுதினேன். தீவின் இயற்கை வளத்துக்கு ஓர் எளிய குடியேறியின் காணிக்கை என்று தொடங்கி முக்கால் பக்கம். எழுதும்போது மனசு கூசியது, கை கூசவில்லை. அவருக்கு ஒரு பித்தளைக் கோப்பையும் ஒரு சர்டிபிகேட்டும் கிடைத்தன. மறுநாள் காயின் நெற்றியில் 'ஆர்ட்டிஸ்ட் ஜெகநாதன்' என்று எழுதி வைத்தார். அதில் எழுத்துகளின் மேல் வருகிற புள்ளிகள் எல்லாம் நான் சாக்பீஸில் வரைந்து கொடுத்தவை.

அக்காவின் கண்ணில் எப்போதிலிருந்து தண்ணீர் வடிந்தது என்று யாருக்கும் நினைவில்லை. முந்தானையால் துடைத்துக்கொண்டே இருப்பாள். அதுவும் ஒரு பழக்கம்போல ஆகிவிட்டது. அறுபத்தெட்டில் ஸ்கூல் ஆண்டு விழாவுக்கு அவளைக் கூப்பிட்டிருந்தேன். வாசலில் பத்தடி தூரத்தில் நின்ற என்னைத் தாண்டிப் போய், வேறு ஒரு டீச்சர் தோளைத் தொட்டு, "ஏ நீலா, எங்கிட்டு உக்கார?" என்று கேட்டாள். அந்த டீச்சர் என்னைவிட அரையடி உயரம்.

மறுநாள் லீவு போட்டு போர்ட் பிளேயர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். டாக்டர் ஒரு மலையாளி. இரண்டு கண்ணையும் இழுத்துப் பார்த்துவிட்டு, "எங்கேம்மா சமையல் செய்றது?" என்று கேட்டார்.

"இளநீக்குள்ள" என்றாள் அக்கா.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அக்காவுக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்று நினைத்திருக்கிறார். நான் விளக்கினேன். அவரும் அந்த இளநீர் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டவர்தான். முகம் சுருங்கிப் போனது. "ஒன்று, புகை போக வழி வையுங்கள். இல்லை, அதிலிருந்து வெளியே வாருங்கள். இப்படியே இருந்தால் இரண்டு வருஷத்தில் இரண்டும் போகும்" என்றார்.

வந்து அத்தானிடம் சொன்னேன். பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் யோசித்தார். நானும் மனுஷன் இளகிவிட்டார் என்றே நினைத்தேன்.

"தேங்காய்க்கு மூணு கண்ணு இருக்கில்லையா, அந்த மாதிரி மேல மூணு ஓட்டை போட்டா என்ன?" என்றேன் நானே. அவருக்குப் பிடிக்கிற மாதிரி சொல்லிப் பார்க்கலாம் என்று.

அவர் பொறுமையாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி சொன்னார்: "இளநீக்குக் கண்ணு வெளியே தெரியாது நீலா. உரிச்ச தேங்காய்க்குத்தான் தெரியும். தப்பா வச்சா, தெரிஞ்சவன் சிரிப்பான்."

பக்கத்தில் அக்கா ஈரத்துணியைக் கண்ணில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அன்றிலிருந்து நான் அந்த ஆளோடு தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. தனியாக ஒரு ரூம் பார்த்துக்கொண்டு போனேன். அக்காவையும் கூப்பிட்டேன். வரவில்லை. "கடையை யாரு பாப்பா?" என்றாள்.

அவளை வெளியே கொண்டுவந்தது நானும் இல்லை, டாக்டரும் இல்லை, வங்காளியின் மீன்.

அறுபத்தொன்பது ஆகஸ்டில் மூன்று நாள் விடாமல் மழை. பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் மழைக்கு ஒதுங்கி மீனின் வயிற்றுக்குள் நின்றிருக்கிறார்கள். உள்ளே கோழிவலை முழுக்கத் துருப்பிடித்து, மூங்கிலைக் கரையான் தின்று, பெயிண்டுதான் அதைத் தாங்கிக்கொண்டிருந்தது போல. முதுகுப் பக்கம் அப்படியே இறங்கிவிட்டது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஜெயமணி என்று ஒரு பெண், தோட்ட வேலைக்கு வந்தவள், அவளுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்துவிட்டது.

போலீஸ்காரர் ஒருவர் விசாரிக்க முக்குக்கு வந்தார். அன்று சனிக்கிழமை, நானும் அங்கே இருந்தேன். "இதைக் கட்டினது நீதானே?" என்று ஹிந்தியில் கேட்டார்.

அத்தான் எழுந்து நின்று, மார்பில் கை வைத்து, "சாப், நான் மேஸ்திரி இல்லை, ஆர்ட்டிஸ்ட்" என்றார். "உருவம் மட்டும்தான் என்னுது. கம்பியும் மூங்கிலும் கட்டினது வேற ஆளு."

பதினாறு வருஷம் மேஸ்திரி என்றே சொல்லிக்கொண்டு திரிந்த வாய் அது. போலீஸ்காரர் எழுதிக்கொண்டு போனதும் அத்தான் பெட்டியைக் கட்டினார். திக்லிபூரில் ஒரு பாக்குத்தோப்புக்காரர் சங்கு வடிவத்தில் கடை கேட்டிருக்கிறார் என்றார். அடுத்த கப்பலில் வடக்கே போய்விட்டார்.

அக்கா மட்டும் பன்னும் பாலும் எடுத்துக்கொண்டு ஜெயமணியைப் பார்க்கப் போனாள். நானும் கூடப் போனேன். கையைக் கட்டிப் போட்டுப் படுத்திருந்த அந்தப் பெண் ஒரு திட்டும் திட்டவில்லை. "நான் போன வாரம் உங்க இளநீக்குள்ளதான் அக்கா ஒதுங்கினேன். அது விழுந்திருந்தா நீங்களும்ல மாட்டியிருப்பீங்க" என்றாள்.

திரும்பி வந்ததும் அக்கா காய்க்குள் போய், விறகுக் கட்டையால் கூரையை ஒரு தட்டு தட்டினாள். கையகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து அடுப்பில் விழுந்தது. அவள் அடுப்பை அணைத்தாள். தண்ணீர் ஊற்றிச் சூட்டை ஆற்றினாள். அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் இரண்டு வங்காளிப் பையன்களை வைத்து, பின்னால் பத்தடி தள்ளி நாலு மூங்கில் நட்டு ஓலை போட்டாயிற்று. மூன்றாம் நாள் வடைச் சட்டி ஏறியது. பஸ் டிரைவர் அந்த வாசனைக்கு வண்டியை நிறுத்திவிட்டு வந்து, "கஹாங் தீ இத்னே தின், தீதீ?" என்று கேட்டான். இத்தனை நாள் எங்கே போயிருந்தாய் அக்கா என்று. இருபதடி தூரத்தில்தான் இருந்தாள்.

அத்தான் நாலு மாசம் கழித்து வந்தார். திக்லிபூர் சங்கு மூங்கில் எலும்போடு நின்றுவிட்டதாம். அந்தப் பாக்குத்தோப்புக்காரர் மீன் விழுந்த கதையைக் கேள்விப்பட்டுவிட்டார். வந்து பார்த்தால் கடை பின்னால் இருக்கிறது, காய் காலி. அக்காவிடம் குதித்தார்.

"எனக்கு அவமானமா இருக்கு மரகதம். நாலு பேர் என்ன நினைப்பான்? உள்ளே போய் அடுப்பைப் போடு."

"நீங்க போங்க" என்றாள் அக்கா, வடையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே. "டீத்தூள் அந்த டப்பாவுல இருக்கு."

போனார். அதையும் சொல்ல வேண்டும். வீம்புக்கு அடுப்பு மூட்டி, ஒரு மணி நேரம் உள்ளே நின்றார். மூக்கும் கண்ணும் ஒழுக, கோழி இருமுகிற மாதிரி இருமிக்கொண்டு நாலு காலில் வெளியே வந்தார். அதற்கப்புறம் அடுப்பில்லாமல் உள்ளே ஒரு ஸ்டூல் போட்டு, கோப்பையையும் சர்டிபிகேட்டையும் ஜன்னலில் வைத்துக்கொண்டு, வருகிற ஜீப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஜீப்புகள் நிற்பது குறைந்துபோயிருந்தது. ஒரு தடவை பார்த்ததை மறுபடி யார் பார்ப்பார்கள்? புதிதாகக் கப்பலில் வந்த ஆபீசர்கள் எப்போதாவது இறங்குவார்கள். அவர்களும் படம் எடுத்துவிட்டு, டீ குடிக்கப் பின்னால் ஓலைக்குப் போய்விடுவார்கள்.

ரோட்டிலும் ஒவ்வொன்றாகப் போயின. முதலைக்குத் தாடை விழுந்தது. அன்னாசியைச் சொந்தக்காரரே கோழிக்கூண்டாக்கினார். அலி அக்பர் பாய் மட்டும் கௌரவமாக நடந்துகொண்டார். ஆளை வைத்துக் கெண்டியை உடைத்து, அந்த இடிபாட்டையே கொட்டிக் கடைக்குத் தரை போட்டார். முக்குக்கு வந்திருந்தபோது அக்காவிடம் சொன்னார்: "நேரா நாலு செவுரு போதும் தங்கச்சி. நமக்கு எதுக்கு வேசம்?"

எழுபத்திரண்டில் ரோட்டை அகலப்படுத்த அளந்தார்கள். ரோட்டோரத்தில் இருக்கிறதெல்லாம் போக வேண்டும் என்று சிவப்புப் பெயிண்டில் குறி போட்டார்கள். காயின் வயிற்றில் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. அத்தான் ஒவ்வொரு ஆபீஸாக ஏறி இறங்கினார். போட்டோ எடுத்துக்கொண்ட ஆபீசர்கள் எல்லாம் எப்போதோ மாற்றலாகி மெயின்லேண்டில் இருந்தார்கள். இருந்தவர்களுக்கு அந்தக் காய் எது என்றே தெரியவில்லை.

புல்டோசர் வந்தது ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு. ஓட்டியவர் ஒரு சர்தார்ஜி. அத்தான் தொப்பியை வைத்துக்கொண்டு, ஒரு கையில் பித்தளைக் கோப்பை, ஒரு கையில் சர்டிபிகேட்டோடு குறுக்கே நின்றார். "ஹட் ஜாவோ, பாபா" என்று சர்தார்ஜி கத்தினார். இவர் நகரவில்லை. ரோட்டில் ஆள் கூடியது. அவருக்கு அது போதும். கண்ணில் பழைய வெளிச்சம்கூட வந்துவிட்டது.

அக்கா ஓலைக்குக் கீழிருந்து ஒரு கிளாஸ் டீயோடு தடவித் தடவி வந்தாள். நேராகப் புல்டோசர் பக்கம் போனாள். "பையா, சாய் பீலோ" என்று நீட்டினாள். அத்தான் கூட்டத்தைப் பெருமையாகப் பார்த்தார். தனக்காகப் பெண்டாட்டி கெஞ்சப் போகிறாள் என்று நினைத்துவிட்டார். சர்தார்ஜி குடித்து முடிக்கும்வரை அக்கா நின்றாள். கிளாஸைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "அப் தோடோ" என்றாள். இப்ப உடை.

அப்புறம் அத்தான் பக்கம் திரும்பினாள். "நகருங்க. பஸ் வர்ற நேரம்."

நகர்ந்தார். வேறென்ன செய்வார்? ஒரே தள்ளுதான். முட்டை ஓடு நொறுங்குகிற சத்தம்கூட இல்லை. பிளந்து விழுந்த துண்டுகளைப் பார்த்தவர்கள் அத்தனை பேரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். வெளியே பச்சை. உள்ளே ஓர் அங்குலத்துக்குப் புகை படிந்த அட்டைக்கரி. பளபளவென்று தார் பூசிய மாதிரி. ஆறரை வருஷம் என் அக்கா மூச்சு விட்ட இடம் அது. கூட்டத்தில் இருந்த ஒருவர் மெல்லத் திரும்பி அத்தானைப் பார்த்தார். அப்புறம் எல்லோரும் பார்த்தார்கள். அந்த ஒரு தடவைதான் அவர் மற்றவர்கள் பார்வைக்குத் தலையைக் குனிந்தார். அதுவும் ரொம்ப நேரம் இல்லை. "பெயிண்ட் வாசனை இன்னும் போகல பாத்தியா" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு அக்கா ஓலையை இன்னும் முப்பதடி பின்னால் தள்ளிப் போட்டு, சிமெண்ட் தரை போட்டுக்கொண்டாள். எழுபத்து நாலில் நான் அவளை மெட்ராசுக்குக் கூட்டிப் போய் ஒரு கண்ணை ஆபரேஷன் செய்தோம். ஓரளவு தெரிந்தது. இன்னொன்று போனது போனதுதான். அத்தான் எங்கெங்கோ போர்டு எழுதிப் பார்த்தார். எழுபத்தேழில் மஞ்சள் காமாலையோடு வந்தார். அக்கா கடைக்குப் பின்னால் கட்டில் போட்டுக் கொடுத்து, கஞ்சி வைத்து, குளிப்பாட்டியும் விட்டாள். அந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு, டீ குடிக்க வருகிறவர்களிடம், "இந்தக் கடைக்கு ஒரு உருவமே கிடையாது சார்" என்று குறை சொல்லிக்கொண்டிருந்தார். எழுபத்தெட்டு ஜூனில் இறந்தார்.

போர்ட் பிளேயரில் எங்கள் ஆட்கள் ஓர் இரங்கல் கூட்டம் போட்டார்கள். தலைமை சொக்கலிங்கம், கப்பல் டிக்கெட் ஏஜெண்ட். தீவுகளின் முதல் தமிழ்ச் சிற்பி என்றார். உதயசூரியன் என்று ஒரு ஹெட்கிளார்க், அந்த இளநீரில் இளநீர் குடித்த இனிமையை மறக்க முடியாது என்று கண் கலங்கினார். அந்த ஆளுக்கு இளநீர் கிடைத்திருந்தால் அவர் கனவில்தான் கிடைத்திருக்க வேண்டும். எல்லோரும் பேசி முடித்து, "டீச்சர் ரெண்டு வார்த்தை" என்றார்கள்.

எழுந்தேன். இறந்தவரைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்ல வேண்டும் என்றுதான் யோசித்தேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. "எங்க அக்கா நல்லா வடை போடுவா" என்றேன். "இப்பவும் போடுறா. பெரார்கஞ்ச் பஸ் அங்க நிக்கும்."

உட்கார்ந்துவிட்டேன். கூட்டத்தில் யாரும் கை தட்டவில்லை. அக்கா வந்திருக்கவில்லை. அன்றைக்கு மெட்ராஸ் கப்பல் வந்திருந்தது, கடையில் அவளுக்குத் தலைக்கு மேல் வேலை.